நான்கு ஹெக்டேர் நிலமும் நிழலில்லாத சாலைகளும்: வளரும் நகரம் எந்தப் பசுமைக்குச் செலவழிப்பது?

வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விளிம்பில் நான்கு ஹெக்டேர் நிலம் இன்னும் கட்டிடம் ஏறாமல் கிடக்கிறது. ஒரு மூலை பள்ளம். நல்ல மழை பெய்தால் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். நகரத்தின் உள்ளே, பழைய பகுதியில், கிலோமீட்டர் கணக்கில் நிழலே இல்லாத சாலைகள். பசுமைக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேசைக்கு வழக்கமான யோசனைகள் வந்துவிடும்: பெரிய பூங்கா அமைக்கலாம், அடர்வனம் போடலாம், பத்தாயிரம் மரக்கன்று நடலாம், பள்ளத்தைக் குளமாக்கலாம், கட்டிடச் சுவர்களில் செடி ஏற்றலாம்.

எல்லாவற்றுக்கும் 'பசுமை' என்று ஒரே பெயர் வைத்திருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போதும் என்று தோன்றிவிடுகிறது. போதாது. ஒன்று வெயிலைத் தணிக்கும், வெள்ளத்தை ஒன்றும் செய்யாது. இன்னொன்று வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும், அடுத்த தெருவில் நடப்பவருக்கு ஒரு அடி நிழல்கூடத் தராது. எனவே எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இந்த நகரத்துக்கு என்ன நோவு என்று கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெயில்தான் தொல்லை என்றால்

நகரம் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனிலும் வெளியே கிராமப்புறத்திலும் வெப்பமானி வைத்து அளந்து, இந்த வித்தியாசம் இரவில்தான் அதிகம் என்று எழுதிவைத்தார். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கல்லும் சுவரும் இரவில் அதை மெதுவாகத் திருப்பிக் கொடுக்கின்றன. இதைத்தான் இன்று நகர வெப்பத்தீவு என்கிறோம்.

மரம் இதற்கு எதிராக இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று நிழல். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையையும் அதன் மேலேயே மரநிழல் விழும் இடத்தையும் அளந்தால், தரையின் வெப்பத்தில் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். மற்றது நீராவிப்போக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். ஈரமான மண்ணில் நிற்கும் பெரிய மரம் கோடை நாள் ஒன்றில் 100 லிட்டர் தண்ணீரை இலை வழியாக வெளியே விட்டால், 68 யூனிட் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று ஏறக்குறைய 13 மணி நேரம் முழுமூச்சாக ஓடி வெளியேற்றும் வெப்பம் இது. ஏசி அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டும். மரம் நீராவியாக மேலே அனுப்பிவிடும்.

இந்தக் கணக்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். அதில் 'ஈரமான மண்ணில்' என்று ஒரு நிபந்தனை இருப்பதை மறக்கக்கூடாது. மண் காய்ந்தால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அந்த 68 யூனிட் போய்விடும், நிழல் மட்டும் மிஞ்சும். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் கனத்துக் கிடக்கும் ஊர்களிலும் ஆவியாதல் குறைவாகத்தான் உதவும். ஆகவே வெப்பத்துக்காக மரம் வைக்கிறோம் என்றால் முதலில் நிழலை நம்ப வேண்டும், குளிர்ச்சியை மேல்வரவாக வைத்துக்கொள்ளலாம்.

நிழல் மனிதர் நடக்கும் இடத்தில் விழ வேண்டும். வெப்பத்துக்குப் பெரிய பூங்காவா, தெருமரமா என்ற போட்டியில் நான் தெருமரத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். பூங்கா ஓரிடத்தில் இருக்கிறது. பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், கடைத்தெரு வேறிடத்தில் இருக்கின்றன. பெரிய பூங்காவின் குளிர்ச்சி வெளியேயும் பரவும் என்பது உண்மை. மெக்சிகோ நகரத்தின் சாபுல்டெபெக் பூங்கா சுற்றுப்புறத்தைவிட 2, 3 டிகிரி குளிர்ந்திருந்ததையும், அந்தக் குளிர்ச்சி பூங்காவின் அகலமளவு தூரம், சுமார் 2 கிலோமீட்டர் வரை எட்டியதையும் அளந்திருக்கிறார்கள். ஆனால் அது நூற்றுக்கணக்கான ஹெக்டேர் பூங்கா. நம் நான்கு ஹெக்டேர் நிலம் தன்னைச் சுற்றி ஓரிரு நூறு மீட்டரைக் குளிர்வித்தால் அதுவே நல்ல விளைச்சல்.

கொலம்பியாவின் மெடெயின் நகரம் வேறு வழியில் போனது. 2016-க்குப் பிறகு சாலையோரம், நடுத்திட்டு, ஓடைக்கரை என்று 30 பசுமைத் தடங்களை இழுத்தார்கள். தடங்கள் அமைந்த இடங்களில் வெப்பம் 2 டிகிரி வரை குறைந்தது என்கிறது நகர நிர்வாகம். நிர்வாகம் தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணைச் சற்றுத் தள்ளியே வைத்துப் பார்த்தாலும், பசுமையை ஓரிடத்தில் குவிக்காமல் நடக்கும் வழியெல்லாம் நீட்டியது சரியான முடிவுதான். ஐரோப்பாவின் 93 நகரங்களைக் கணக்கிட்டு 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. 2015-ன் கோடையில் நகர வெப்பத்தீவால் மட்டும் சுமார் 6,700 பேர் முன்கூட்டியே இறந்தார்கள். அந்த நகரங்களின் பரப்பில் மரநிழல் 30 சதவிகிதமாக இருந்திருந்தால் 2,644 மரணங்களைத் தவிர்த்திருக்கலாம். அங்கே சராசரி மரநிழல் 15 சதவிகிதம்கூட இல்லை.

இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் மரம் நிறைந்த பூங்கா ஜெயிக்கும். இரவில் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் புல்வெளிதான் வேகமாகக் குளிரும். மரக்கூரை கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எல்லா இடத்தையும் மரத்தால் மூட வேண்டும் என்பதில்லை. அதற்காக, தினமும் தண்ணீர் கேட்கும் ஒட்ட வெட்டிய புல்தரையை நான் சிபாரிசு செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் குறைவான ஊரில் அதைவிடச் செலவு பிடிக்கும் பசுமை இல்லை. தானே முளைக்கும் புல்லும் அதே வேலையைச் செய்யும்.

ஒரு மரக்குழியை உற்றுப் பார்த்தால்

தெருமரத்துக்கு வாக்களித்துவிட்டேன். அது எங்கே தோற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தோற்பது மண்ணுக்கு அடியில்.

நடைபாதையில் மரக்கன்றுக்கு விடும் குழியைக் குனிந்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஆழமும் அவ்வளவே என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் மண். நான்கு பக்கமும் கான்கிரீட், அடியில் ரோலர் ஓட்டிக் கெட்டித்த சரளை. மேற்பரப்பைச் சுற்றி அழகுக்கென்று சிமென்ட் பூசியிருந்தால் தண்ணீரும் காற்றும் இறங்க வழியில்லை. எட்டு மீட்டர் அகலத்துக்குக் குடை விரிக்கும் மரம் நன்றாக வாழ ஏறத்தாழ 30 கன மீட்டர் மண் வேண்டும் என்பது மர வல்லுநர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. நாம் கொடுப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு. அப்புறம் மரம் என்ன செய்யும்? சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும், ஓரளவு உயரும், வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கும், காற்றுக்குச் சாயும். பழி மரத்தின் மேல் விழும்.

அமெரிக்க நகரங்களில் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்கு ஒன்றின்படி, நட்ட தெருமரங்களில் பாதி 13 முதல் 20 ஆண்டுகளுக்குள் செத்துவிடுகின்றன. மரம் நிழல் தரத் தொடங்கும் வயதில் இழவு. ஸ்டாக்ஹோம் இதற்கு எளிய பதில் கண்டது: நடைபாதைக்குக் கீழே பெரிய கற்களை அடுக்கி, இடுக்குகளில் மண்ணையும் மரக்கரியையும் நிரப்பி, சாலையில் விழும் மழைநீரை அதற்குள் இறக்கிவிட்டார்கள். கற்கள் மேலே போகும் பாரத்தைத் தாங்கும், வேர் இடுக்குகளில் ஓடும். ஒரு குழிக்குச் செலவு கூடும்தான். பத்தாயிரம் கன்றுக்கான பணத்தில் இரண்டாயிரம் மரத்தை இப்படி நட்டால், இருபது ஆண்டு கழித்து எந்தத் தெருவில் நிழல் இருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஆனால் 'இரண்டாயிரம்' என்று செய்தி கொடுத்தால் எடுபடாது. பத்தாயிரம் என்றால்தான் எடுபடும்.

நடும்போது ஒரே இனத்தை வரிசையாக நட்டுவிடுவது இன்னொரு தப்பு. ஒரு பூஞ்சையோ வண்டோ வந்தால் தெருவே மொட்டையாகும். டச்சு எல்ம் நோய் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எல்ம் மரங்களை அப்படித்தான் செய்தது. அமெரிக்க மர ஆய்வாளர் பிராங்க் சாண்டமோர் 1990-ல் சொன்ன விதி இன்றும் கைக்கு அடக்கமானது: ஒரு நகரத்தில் ஓர் இனம் 10 சதவிகிதத்தையும், ஒரு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20-ஐயும், ஒரு குடும்பம் (பேரினங்களின் தொகுதி) 30-ஐயும் தாண்டக்கூடாது.

வெள்ளம்தான் தொல்லை என்றால்

இங்கே போட்டியே மாறிவிடுகிறது. தெருமரம் பின்னால் போய்விடும், பள்ளமான நிலம் முன்னால் வந்துவிடும்.

கணக்கு சின்னது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 லட்சம் லிட்டர். தரை மண்ணாக, செடிகொடியோடு இருந்தால் பெரும்பங்கு உள்ளே இறங்கும். தார், கான்கிரீட் என்றால் பத்தில் ஒன்பது பங்கு வடிகாலைத் தேடி ஓடும். நகரம் வளர்கிறது என்றால் இந்த ஓட்டம் ஆண்டுதோறும் கூடுகிறது என்று அர்த்தம், மழை கூடாவிட்டாலும்.

ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஒரு கோடி லிட்டர் பிடிக்கும். அதாவது தன்னைச் சுற்றியுள்ள 10 ஹெக்டேர் கான்கிரீட்டில் விழும் 100 மில்லிமீட்டர் மழையை அது ஒண்டியாக வாங்கிக்கொள்ளும். எத்தனை மரம் நட்டாலும் ஒரே இரவில் இந்த வேலையைச் செய்ய முடியாது. கனமழையில் இலைகள் பிடித்துவைக்கும் தண்ணீர் முதல் சில மில்லிமீட்டர்தான்.

கோபன்ஹேகன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2011 ஜூலை 2 அன்று இரண்டு, மூன்று மணி நேரத்தில் 130 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, நகரத்தின் நிலவறைகளும் சாலைகளும் மூழ்கின. அடுத்த ஆண்டே மேகவெடிப்பு மழையைச் சமாளிக்கும் திட்டம் ஒன்றைப் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது என்ஹாவபார்க்கன் என்ற பழைய பூங்காவை மாற்றியமைத்த விதம். அதன் பரப்பு சுமார் மூன்றரை ஹெக்டேர், நம் நிலத்தைவிடச் சற்றுச் சின்னது. மற்ற நாட்களில் அங்கே நடக்கலாம், பந்து விளையாடலாம். பெருமழை அன்று தாழ்த்திக் கட்டிய தளங்களும் சுற்றியுள்ள குட்டைச்சுவரும் சேர்ந்து 22,600 கன மீட்டர், அதாவது இரண்டு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். சிங்கப்பூரின் பிஷான்-அங் மோ கியோ பூங்காவில் நேராகக் கிடந்த 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள். மழை வந்தால் ஆறு கரையேறிப் பூங்காவுக்குள் அகன்றுகொள்ளும், வடிந்ததும் மக்கள் புல்லில் உட்காருவார்கள். பூங்காவா, வடிகாலா என்று சண்டை போட வேண்டியதில்லை என்று இந்த இரண்டும் காட்டுகின்றன.

நீர்நிலை பகல் வெப்பத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் தேங்கிய தண்ணீர் பகல் சூட்டை வைத்திருந்து இரவில் கொடுக்கும், புழுக்கத்தையும் கூட்டும். ஆகவே வெயிலுக்காகக் குளம் வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். சியோலின் சொங்கேச்சொன் ஓடையும் கவனிக்கத் தக்கது. மேல்மட்டச் சாலையை இடித்துவிட்டு 2005-ல் திறந்த 5.8 கிலோமீட்டர் நீரோடை அது, கரையோரம் பக்கத்துச் சாலையைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கிறது. ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி தினமும் பம்பு வைத்து ஏற்றுவது. தானாகத் தண்ணீர் வந்து நிற்கும் பள்ளம் ஒன்று ஊரில் மிச்சம் இருந்தால், அது எவ்வளவு பெரிய சொத்து என்று இதை வைத்து யோசிக்கலாம்.

அடர்வனம், மாடித்தோட்டம், இன்ன பிற

அகிரா மியாவாக்கி (1928–2021) ஜப்பானியத் தாவரவியலாளர். ஓரிடத்தில் இயல்பாக வளர்ந்திருக்கக்கூடிய நாட்டு மரங்களைக் கண்டறிந்து, மண்ணைப் பண்படுத்தி, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று வீதம் நெருக்கி நட்டு, இரண்டு மூன்று ஆண்டு களையெடுத்து, பிறகு கைவிட்டுவிடுவது அவர் முறை. 1970-களில் உருக்காலை வளாகங்களைச் சுற்றிக்கூட இப்படிக் காடு எழுப்பினார். சிறிய இடத்தில் பறவைக்கும் பூச்சிக்கும் இடம் கொடுக்க நல்ல வழி. ஆனால் அதற்குள் யாரும் நடக்க முடியாது, அதன் நிழல் பெரும்பாலும் அதன் மேலேயே விழுகிறது. எண்ணிக்கையில் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது: பத்தாயிரம் கன்றை இந்த முறையில் ஒரு ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கில் அடைத்துவிடலாம். கணிசமானவை போட்டியில் சாகும், முறையே அப்படித்தான். 'பத்தாயிரம் மரம்' என்ற பலகையைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பல்லுயிர் என்று வந்தால், 'ஒரே பெரிய இடமா, பல சிறிய இடங்களா' என்று சூழலியலாளர்கள் 1970-களின் நடுவில் போட்ட சண்டையும் நினைவுக்கு வரும். ஜாரெட் டைமண்ட் 1975-ல் பெரிய இடத்துக்கு வாதாட, டேனியல் சிம்பர்லாஃபும் லாரன்ஸ் ஏபலும் அடுத்த ஆண்டே மறுத்தார்கள். அது காட்டுயிர்க் காப்பகங்களைப் பற்றிய சண்டை. நகரத்துக்குள் மனிதர்களையும் சேர்த்துப் பார்த்தால் சிறிய இடங்களின் பக்கம் தராசு சாய்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேராவது பசுமை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை சொல்வதும் அந்தக் கணக்குதான்.

மாடித்தோட்டம் கட்டிடத்துக்கு நல்லது. கூரையின் சூடு குறையும், பத்து சென்டிமீட்டர் மண்ணே ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைப் பிடிக்கும். ஆனால் நனைந்த மண் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். பழைய கூரைகள் தாங்குமா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். புதிய பெரிய கட்டிடங்களுக்கு டொரொன்டோ 2009-ல் சட்டமாகவே கொண்டுவந்ததைப் போல, கட்டுபவர் செலவில் செய்யச் சொல்லலாம். பொதுப்பணத்தை இதில் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பத்து மாடிக்கு மேல் உள்ள குளிர்ச்சி தெருவில் நடப்பவருக்கு எட்டாது. செங்குத்துச் சுவர்த்தோட்டம் இன்னும் மோசம், குழாய் ஒருநாள் அடைத்துக்கொண்டால் மூன்றாம் நாள் சருகு.

காற்று மாசுக்காக மரம் நடுவோம் என்கிறவர்களுக்கு ஒரு சங்கடமான செய்தி. இலைகள் நுண்துகளைப் பிடிப்பது உண்மை, ஆனால் நகரக் காற்று அதனால் மேம்படுவது பெரும்பாலும் ஒரு சதவிகிதத்துக்குள். இருபுறமும் உயர்ந்த கட்டிடங்கள் நெருங்கிய குறுகிய சாலையில் அடர்ந்த மரக்கூரை போட்டால் புகை கீழேயே மாட்டிக்கொள்ளவும் செய்யும். அங்கே இடுப்பு, தோள் உயர வேலிச்செடி மேல். கார்பன் கணக்கும் இதே கதை: வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுக்கும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளிவரும். ஒரு மரத்தின் ஓராண்டு உழைப்பு, ஒன்பது லிட்டர் பெட்ரோல்.

பட்டியலில் இல்லாத ஒரு வழி

இதுவரை பார்த்ததெல்லாம் புதிதாகச் செய்வதைப் பற்றி. மேசைக்கு வராத யோசனை ஒன்று உண்டு: இருப்பதை வெட்டாமல் இருப்பது. பத்து மீட்டர் குடை விரித்த மரத்தின் நிழல் ஏறத்தாழ 78 சதுர மீட்டர். ஒரு மீட்டர் குடையுள்ள கன்றின் நிழல் முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். சாலை அகலப்படுத்த ஒன்றை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டு ஈடுகட்டுகிறோம் என்றால், அன்றைய தேதியில் பத்தில் ஒரு பங்குதான் ஈடு. நூறு கன்று வேண்டும். அந்த நூறும் பிழைக்க வேண்டும்.

பெரிய பூங்காவுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, ஆனால் அது ஒரே ஒரு முறைதான் வரும். நியூயார்க் தன் 341 ஹெக்டேர் சென்ட்ரல் பார்க்குக்கான நிலத்தை 1850-களில் எடுத்தபோது நகரத்தின் பெரும்பகுதி அதற்குத் தெற்கேதான் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு ஹெக்டேரைக்கூட யாராலும் காலி செய்ய முடியாது. அப்போதும் அது ஆளில்லாத நிலமாக இல்லை. சொந்த வீடு வைத்திருந்த கறுப்பின மக்களின் செனிக்கா வில்லேஜ் உட்பட, சுமார் 1,600 பேரை வெளியேற்றித்தான் பூங்கா வந்தது. விளிம்பில் நிலம் பார்க்கும்போது 'காலி' என்ற சொல்லைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும்.

சரி, நம் நான்கு ஹெக்டேருக்கு வருவோம். எனக்கு வாக்கு இருந்தால், பள்ளத்தில் ஒன்றரை ஹெக்டேரைத் தூர் எடுத்து அப்படியே குளமாக விடுவேன். அதைச் சுற்றி இரண்டு ஹெக்டேர், மரமும் திறந்த வெளியுமாகக் கலந்து, பெருமழையில் மூழ்கினாலும் பரவாயில்லை என்ற தாழ்வில். மீதி அரை ஹெக்டேர், தண்ணீர் வரும் வாய்க்காலின் ஓரமாக, நாட்டு மரங்களின் அடர்வனம். அலங்கார வளைவு, செயற்கை நீரூற்று, ஒளிவிளக்குப் பாதை எதுவும் வேண்டாம். அதில் மிச்சமாகும் பணம் பழைய நகருக்குள் போகட்டும். எல்லாச் சாலைக்கும் வராது. பிற்பகல் இரண்டு மணிக்கு எந்தச் சாலையில் ஆட்கள் அதிகம் நடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, முதல் மூன்று சாலைகளை மட்டும் எடுத்து, மரத்துக்கு 30 கன மீட்டர் மண் வீதம் நடைபாதையைத் தோண்டுவேன். கன்று வாங்குவது அதற்கு அடுத்த ஆண்டு.